கரும்புக்குள் ஒளிந்த ஊர்

தைலாவுக்கு இடுப்பு வலித்தது. தம்பி பகலவனுக்கு நடக்கத் தெரியும், ஆனால் நடக்க மாட்டான். விடிந்ததிலிருந்து அவள் இடுப்பில்தான் அவனுக்குக் குடித்தனம்.

அந்த நேரம் பார்த்து, வெளியாள் வருகிறான் என்று ஏரிக்கரையில் யாரோ தட்டைத் தட்டினார்கள்.

“தைலா, எல்லாத்தையும் இட்டுக்கினு கரும்புக்குள்ள போ” என்றாள் அம்மா பெரியம்மாள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் இது வழக்கம். பையோடு வெளியாள் வந்தால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆள் என்று அர்த்தம். வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் மட்டும் வாசலில் நிற்கும். மற்றதெல்லாம் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விடும். இல்லாவிட்டால் அம்மாக்களை ஜீப்பில் ஏற்றி ஆபரேஷனுக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். பிள்ளைகளை ஓட்டிப் போகும் வேலை எப்போதும் தைலாவுக்குத்தான். அவளுக்கே பத்து வயதுதான்.

கரும்புச் சோகை கையைக் கீறியது.

“அக்கா, எறும்பு” என்றது ஒரு வாண்டு.

“அதுவும் ஒளிஞ்சிக்கினுதான் கீது. சும்மா இரு.”

வந்தவர் காசிநாதன் என்ற வாத்தியார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்திருந்தார். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்ததால் பஸ் ஓடவில்லை. சங்கராபுரத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். ஊரையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத் தைலா வீட்டு வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். தோட்டம் பக்கத்திலேயே இருந்ததால் பேசுவது தைலாவுக்குக் கேட்டது.

“எத்தினி புள்ளைங்கம்மா?”

“ரெண்டுங்க.”

“எல்லா வூட்லயும் ரெண்டுதான்.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போன கணக்குல இந்த ஊர்ல புள்ளைங்க ஜாஸ்தி. தமிழ்நாடே பெருகிக்கினு போவுது, உங்க ஊரு மட்டும் சுருங்குது. பள்ளிக்கூடம் வேணும்னு மனு குடுத்தீங்களாமே? புள்ளைங்களே இல்லாத ஊருக்கு யாரு குடுப்பாங்க?”

பெரியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

தைலா தம்பியைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அம்மா கூலிக்குப் போவதால் தினமும் அவனையும் சுமந்துகொண்டுதான் தைலா போய்வருவாள். ஐப்பசியில் ஓடை பெருகினால் பள்ளியே கிடையாது. ஆனால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்?

அதையே கேட்டுவிடலாம் என்று எழுந்தாள்.

இடுப்பில் தம்பியோடு அவள் வெளியே வந்ததும் அம்மாவின் முகம் வெளுத்தது.

“சார், உங்க ஜீப் எங்க?”

“ஜீப் இருந்தா காலு ஏன் இப்பிடி வீங்குது?”

“எங்கம்மாவ ஆபரேஷனுக்கு இட்டுக்கினு போவீங்களா?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கரும்பைப் பார்த்தார். காற்றே இல்லை, கரும்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“நான் தலைய எண்ணுற ஆளும்மா. அவங்க வேற. நான் எழுதுறத அவங்ககிட்ட காட்டவும் கூடாது.”

தைலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“வெளிய வாங்கடா” என்றாள் தைலா.

ஒன்று வந்தது. இரண்டு வந்தது. வந்துகொண்டே இருந்தன. சோகையும் மண்ணுமாக, மூக்கு ஒழுக, எறும்பு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு வந்து நின்றன.

“மொதல் வூட்லேந்து மறுபடியுமா?” என்று முனகிக்கொண்டே வாத்தியார் செருப்பை மாட்டினார்.

தைலா கூடவே போனாள். எது யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். அம்மாக்கள் தயங்கிய இடத்தில், “இவருகிட்ட ஜீப் இல்ல அத்தே, காலப் பாருங்க” என்றாள். வீங்கின காலைப் பார்த்ததும் அவர்களுக்கும் நம்பிக்கை வந்தது.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

“இந்த வூட்ல வாசல்ல நின்ன ரெண்டு, அப்புறம் பகலவன். முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது சார்” என்றாள் தைலா. அவளுக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும்.

“இருங்க சார்” என்றாள் பெரியம்மாள். “இவ ஒருத்தி கீறா இல்ல? பேரு தைலம்மா. எழுதிக்குங்க.”

சொல்லிக்கொண்டே மகளின் இடுப்பிலிருந்து பகலவனை வாங்கிக்கொண்டாள்.

தைலா தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நன்றாக நீட்டிக்கொண்டாள்.