கரைவலைக் கயிறு

கடலுக்குள்ளிருந்து வந்த கயிறு வெதுவெதுப்பாக இருந்தது.

ஜவுபர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூறாவளி அடித்த மறுவருடம், கல்முனையில் புடவைக்கடையைப் பூட்டிவிட்டு, மனைவி மைமூனாவையும் மகள் ஸகியாவையும் கூட்டிக்கொண்டு அறுகம்பேக்குக் கடல் குளிக்க வந்திருந்தான். வெள்ளைக்காரர்கள் பலகையில் ஏறி அலைமேல் வழுக்கிப்போவதைப் பகலெல்லாம் மூவரும் வாய்பிளந்து பார்த்தார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், உடம்பில் உப்புக் காயக்காயத் தனியே நடந்து போனவன், ஆட்கள் வரிசையாக நின்று கரைவலை இழுப்பதைக் கண்டான். கடைசியில் நின்ற மெலிந்த ஆள் திரும்பிப் பார்த்தான்.

"காக்கா, ஒருக்காப் புடிச்சிப் பாருங்களன்."

ஆசையாகத்தான் இருந்தது. பிடித்தான். உடனே அந்த ஆளின் கை கயிற்றிலிருந்து விடுபட்டது. அவன் தன் உள்ளங்கைகளை ஒருதரம் பார்த்தான். பிறகு அழுதுகொண்டே தென்னந்தோப்புக்குள் ஓடிவிட்டான்.

யாரும் பாடவில்லை. வலை இழுக்கிற இடத்தில் எழும் கூச்சலும் இல்லை, மூச்சு வாங்கும் சத்தமும் இல்லை. நனைந்த நார் உரசும் ஓசையும், மாரி முழுக்கப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்திலடிக்கும் புழுங்கல் வாடையும்தான். எல்லோரும் கரைப்பக்கம் சாய்ந்து இழுத்தார்கள். அவனும் சாய்ந்து இழுத்தான். ஆனால் காலடியில் காய்ந்திருந்த மணல் ஈரமானது. நுரை கணுக்காலைத் தொட்டது. வரிசையின் முதல் ஆள் கழுத்தளவு தண்ணீரில் நின்று இழுத்துக்கொண்டிருந்தான். அடுத்த அலை வடிந்தபோது அவன் தலை இல்லை. கயிறு மட்டும் அதே தாளத்தில் இழுபட்டது.

ஜவுபர் கையை எடுக்கப் பார்த்தான். விரல் திறக்கவில்லை.

"வாப்பா!" ஸகியா ஓடிவந்தாள். "நானும் இழுக்கப் போறன்!"

"கிட்ட வராத மகள்! உம்மாட்டப் போ!"

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அவனுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள்.

அவன் விரல்கள் விரிந்தன.

கயிறு அவளை இழுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனது. இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தான். கல்லைப்போல் இருந்தாள்.

"கைய விடு மகள்!"

"ஏலாது வாப்பா."

திரும்பக் கயிற்றைப் பிடித்தால் அவள் கை விடுபடும். அது அவனுக்குத் தெரிந்தது. எட்டும் தூரம்தான். கையை நீட்டினான்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

பின்வாங்கினான். இரண்டு கையையும் கக்கத்துக்குள் ஒளித்தான்.

இருட்டிவிட்ட கரையில் மைமூனாவின் குரல் கேட்டது. "இந்தாங்க, புள்ள எங்க? உங்களத் தேடித்தானே வந்தவ?"

"இல்ல," என்றான். "இஞ்ச வரல்ல."

அது ஸகியாவுக்குக் கேட்டிருக்கவேண்டும். முகத்தைத் திருப்பினாள். தண்ணீர் தாடையைத் தொட்டிருந்தது. அழவில்லை. வாப்பாவையே பார்த்தபடி, மற்றவர்களோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.