மூன்று இருபதுக்கு வந்த குரல்

பிற்பகல் மணி மூன்று இருபதுக்கு வாக்கி-டாக்கி கரகரத்தது. பேட்டரி தீராமலிருக்க மணிக்கு ஒருமுறை மட்டும் பேசுவது, மற்ற நேரம் அணைத்து வைப்பது என்று புயலின் முதல் நாளே அவளும் கணவரும் முடிவு செய்திருந்தார்கள். மூன்று மணிப் பேச்சுக்குப் பிறகு அணைக்க அவள்தான் மறந்துவிட்டாள்.

"நான்தான். குட்டி எங்க?"

கணவரின் குரல். மின்வாரிய லைன்மேன் அவர், கால்வாய்க்கு அப்பால் அறுந்து விழுந்த கம்பிகளைச் சரிசெய்யப் போயிருந்தார். செல்போன்கள் செத்து இரண்டு நாளாகிறது, இந்த ஜோடிக் கருவிதான் கதி. ஆனால் தகரக் கூரையில் கொட்டுகிற மழைக்கும், ஜன்னலை அறைகிற காற்றுக்கும், காயாத துணிகளின் முடை நாற்றத்துக்கும் நடுவே காதைத் தீட்டிக் கேட்டால், அந்தக் குரலுக்குப் பின்னால் மட்டும் மழை பெய்யவே இல்லை.

"தூங்கறா. நீங்க எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான். வாசலுக்கு வா. அவள எழுப்பாத."

குழந்தையைத் தனியே விட்டுவிட்டு வா என்று சொல்கிற ஆளா அவர்? இந்தக் கருவியை விற்கும்போதே கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "ரகசிய எண் போட்டா மத்தவங்க பேச்சு உங்களுக்குக் கேக்காது, அவ்ளோதான். உங்க பேச்ச எவன் வேணா கேக்கலாம். லைசென்ஸ் வேண்டாத சேனல், ஊருக்கே பொது." புருஷனும் பெண்டாட்டியும் அதைக் காதில் வாங்கினால்தானே! தான் தனியாக இருப்பது, குட்டி தூங்கும் நேரம், எல்லாவற்றையும் இரண்டு நாளாக வாய் ஓயாமல் ஒப்பித்திருந்தாள். "பேசி முடிச்சதும் ஓவர் சொல்லு" என்று அவர் கெஞ்சும்போதெல்லாம் "நீங்க பண்றதுதான் ஓவர்" என்று கேலி வேறு.

எவனோ மிமிக்ரி செய்கிறான். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் பூட்டிவிட்டுக் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாலு மணிக்கு அவர் கூப்பிடுவார். உடனே வரச் சொல்லிவிட வேண்டும்.

நாலு மணி. கரகரப்பு. மழை, காற்று, தூரத்தில் ஆட்களின் கூச்சல்.

"எல்லாம் சரியா இருக்கா? ஓவர்."

அவரேதான். போன உயிர் திரும்பி வந்தது. பொத்தானை அழுத்தப் போனாள். அதற்குள் பதில் போய்விட்டது.

"இங்க ஒண்ணும் பிரச்சினை இல்லங்க. மெதுவா வாங்க. ஓவர்."

அவளுடைய குரல்.

"அட, ஒருவழியா ஓவர் சொல்லிட்டியே!" அவர் சிரித்தார். "அப்ப ராத்திரி இங்கயே தங்கிடறேன். காலைல பேசலாம். ஓவர்."

"அது நான் இல்ல! வாங்க!" அழுத்தி அழுத்திக் கத்தினாள். பதில் இல்லை. அணைத்துவிட்டார்.

திடீரென்று அவள் கையிலிருந்த கருவி ஊளையிட்டது. பக்கத்திலேயே இன்னொன்றை யாராவது அழுத்திப் பிடித்தால்தான் இப்படிக் கத்தும். சமையலறைப் பக்கம் நடந்தாள். ஊளை குறைந்தது. குட்டியின் அறைப் பக்கம் திரும்பினாள். கூடியது.

கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள். குட்டிக்கு எட்டாத தாழ்ப்பாள். தட்டினாள். தோளால் இடித்தாள்.

ஊளை நின்றது.

"அம்மா," உள்ளே தூக்கக் கலக்கத்தில் குட்டி. "யாரும்மா கதவத் தட்டறது?"

"யாருமில்லடா கண்ணு," என்றது அவள் குரல், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நீ தூங்கு."