கிட்ட வந்து பேசு

"சாப்பிட்டியாடி?"ன்னு கேட்டா ஜெயசித்ரா. ரெண்டு செகண்டு கழிச்சு அவ குரலே ஃபோன்லேர்ந்து "சாப்பிட்டியாடி?"ன்னு திரும்பி வந்துச்சு. அது ஒண்ணும் புதுசு இல்ல, மழை பேஞ்சா நெல்லித்தோப்புல நெட்டு இப்டித்தான் இழுத்துக்கும். ஆனா அதுக்குப் பின்னாடியே சன்னமா இன்னொண்ணு வந்துச்சு பாருங்க, "இன்னும் சாப்பிடல"ன்னு. அதுவும் அவ குரல்தான். அவதான் அப்டி சொல்லவே இல்லயே.

"ஏண்டி, இன்னுமா சாப்பிடல?"

"யாரு சொன்னா? அப்பவே பிரெட்டு தின்னுட்டேன். உனக்கு நான் தின்னாலும் தப்பு, தின்னாட்டியும் தப்பு."

சிந்துஜா அவளுக்கு ஒரே பொண்ணு. பாரிஸ்ல இருக்கா, வயித்துல ஒம்போது மாசம். மாப்ள ராஜ்கமல் காலையிலயே வேலைக்குக் கெளம்பிட்டாரு, வீட்ல அவ மட்டும்தான். பிரசவத்துக்குக் கூட இருக்கணும்னு ஜெயசித்ரா பொட்டியெல்லாம் கட்டி வெச்சு ரெண்டு மாசம் ஆச்சு, விசாதான் வந்த பாடில்ல. பொண்ணுக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கறது இந்த ஃபோனு ஒண்ணுதான்.

மணி மூணுதான், அதுக்குள்ள பொழுது போன மாதிரி இருட்டிக்கிட்டு, கரண்டு போயி, அதோட வைஃபையும் போயி, கூடத்துல கொடியில காயாத துணியோட ஊள வாடையும், பொட்டிக்குள்ள கட்டி வெச்ச பிரசவ லேகியத்தோட சுக்கு வாடையும் கலந்து மூக்குல ஏற, மாடிக் குழாய்லேர்ந்து தண்ணி சொட்டு சொட்டா பிளாஸ்டிக் பக்கெட்ல விழுந்துட்டே இருந்துச்சு. ஜெயசித்ராவுக்கு உக்கார முடியல. ஜன்னலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துட்டே இருந்தா. வலது முட்டி மடங்காது அவளுக்கு, அந்தக் கால் செருப்ப இழுத்து இழுத்துதான் நடப்பா. சர்ர்... டப். சர்ர்... டப்.

"வீடியோவ ஆஃப் பண்ணும்மா, நெட்டு தாங்கல."

"பண்ணிட்டேன்."

"மத்த ஆப்பெல்லாம் மூடு. ஜன்னல்கிட்ட போயி ஒரே எடத்துல நில்லு, சும்மா வண்டி ஓட்டாத."

நின்னா.

"உன் குரலே உனக்குத் திரும்பி வருதுன்னா கோளாறு என் பக்கம்தான். என் ஸ்பீக்கர்லேர்ந்து மைக்குக்குப் போவுது. இரு, ஹெட்செட் மாட்டறேன்... ம். இப்ப வராது பாரு."

"வராதாடி?"

"வராதாடி"ன்னு வந்துச்சு. அப்பறம், மெதுவா, "வருவேன்"னு.

ஜெயசித்ராவுக்குப் பொறங்கழுத்துல சில்லுன்னுச்சு. அந்தப் பக்கம் யாரோ ஏதோ முணுமுணுக்கறாங்க. பொண்ணாத்தான் இருக்கும்னு ஃபோன காதுல அழுத்திக்கிட்டு, நாம எல்லாரும் சொல்ற மாதிரிதான் அவளும் சொன்னா.

"ஒண்ணும் கேக்கலடி. கிட்ட வந்து பேசு."

முணுமுணுப்பு நின்னுடுச்சு.

"நான் பேசவே இல்லயேம்மா. தண்ணி குடிச்சிட்டு இருந்தேன்."

அப்பத்தான் அது கேட்டுச்சு. ஃபோனுக்குள்ள, தூரத்துல, மாடிப்படி ஏறற மாதிரி.

சர்ர்... டப்.

ஜெயசித்ரா குனிஞ்சு தன் காலப் பாத்தா. ரெண்டு காலும் ஜன்னலுக்குக் கீழ அசையாம இருந்துச்சு.

சர்ர்... டப். சர்ர்... டப்.

"சிந்து, அங்க யாருடி நடக்கறது?"

ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது. பக்கெட்ல தண்ணி சொட்டுது. அப்பறம் விட்டு விட்டு பொண்ணு குரல் வந்துச்சு, அப்டி ஒரு சந்தோஷம் அதுல.

"அம்மா! கதவத் தட்டறது நீயா? உன் குரல்தான் கேக்குது! விசா வந்துடுச்சா? கள்ளி... வாசல்ல நின்னுக்கிட்டேவா இவ்ளோ நேரம் பேசின? அதான் ரெண்டு ரெண்டா கேட்டுச்சா!"

"நான் இல்லடி! நான் இங்கதான் இருக்கேன்! தொறக்காத!"

வட்டம் சுத்துது.

"தொறக்காத! சிந்து, தொறக்காதடி!"

சுத்துது.

"வெட்டி வெட்டி வருதும்மா. 'தொற... தொற...'ன்னு மட்டும்தான் கேக்குது. இரேன், தொறக்கறேன். இந்த வயித்தத் தூக்கிட்டு எந்திரிக்க வேணாமா?"

தொற மட்டும் போய்ச் சேந்துடுச்சு. மிச்சம் மழையிலயே நின்னுடுச்சு.

"வேணாம்! வேணாம்டி!"

தாழ்ப்பாள் சத்தம்.

அதோட லைன்ல எரைச்சல் எல்லாம் அடங்கிப்போச்சு. வெட்டல, இழுக்கல. ரெண்டு மாசத்துல இவ்ளோ தெளிவா ஒரு நாளும் கேட்டதில்ல. பொண்ணு மூச்சு இழுக்கறது கேட்டுச்சு.

விடறது கேக்கல.

ஹெட்செட் தரையில விழுந்துச்சு.

சர்ர்... டப்.

யாரோ குனியறாங்க. எடுக்கறாங்க. காதுக்குள்ளயே உக்காந்து பேசற மாதிரி, ஜெயசித்ராவோட குரல்.

"கிட்ட வந்துட்டேன். இப்ப கேக்குதா?"