இடப்பக்கம் திரும்பிய படகு

பெர்கன் துறையில் ஓஸ்லா கயிற்றை அவிழ்த்தபோது மழை வெறும் தூறலாக இருந்தது. மேற்கே வடகடலைத் தாண்டினால் ஷெட்லாந்து, வீடு. தெற்கிலிருந்து பலத்த காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. நாளைக்குப் போகலாமே என்றான் தம்பி கிபி. வீடு சேர இதைவிட வேகமான காற்று கிடைக்காது என்றாள் ஓஸ்லா. அவன் முணுமுணுத்துக்கொண்டே பாயை ஏற்றினான்.

ஷால்டர் சின்னப் பாய்ப்படகு. இருவர் படுத்தால் மூன்றாவது ஆள் நிற்கத்தான் வேண்டும். துறையை விட்டு நகரும்போது கிபி வழக்கம்போல வலப்பக்கமாகத் திருப்பச் சொன்னான். சூரியன் போகிற திசை அது. ஷெட்லாந்துக்காரர்கள் கடலில் அப்படித்தான் திருப்புவார்கள். இடப்பக்கம் திருப்பினால் கடலில் இருப்பதைக் கூப்பிட்ட மாதிரி.

ஓஸ்லா அப்படியே திருப்பினாள். இந்தப் படகிலிருந்துதான் அப்பா விழுந்தார். அன்று சுக்கானைப் பிடித்திருந்தவர் லோரி சித்தப்பா. இடப்பக்கம் திரும்பியிருந்தால் உடனே எட்டியிருக்கலாம். அவர் வலப்பக்கமாக, சுற்று வழியில் வந்தார். வந்து சேர்ந்தபோது அலை மட்டும்தான் இருந்தது. வீட்டில் மிச்சம் அவளும் கிபியும்.

மறுநாள் நண்பகலில் கரை எந்தப் பக்கமும் இல்லை.

வானமும் கடலும் ஒரே ஈயச் சாம்பல். காற்று இடப்பக்கத்திலிருந்து அறைந்தது. ஒவ்வொரு அலையும் படகைத் தூக்கி, ஒரு கணம் யோசித்து, கீழே போட்டது. முன்பாய் சிக்கிக்கொண்டு படபடத்தது. கிபி தவழ்ந்து போனான். சிக்கலுக்குக் கை எட்டவில்லை. பாதுகாப்பு வாரின் கொக்கியைக் கழற்றினான்.

"கிபி, மாட்டுடா அதை."

அலை குறுக்கே ஏறியது. தண்ணீர் வடிந்தபோது முன்பக்கம் காலியாக இருந்தது.

ஓஸ்லா மிதவை வளையத்தை வீசினாள். சுக்கானைத் திருப்பினாள். அங்கேதான் தப்பு நடந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய கை, தானாகவே வலப்பக்கம் திருப்பிவிட்டது. படகு காற்றோடு சேர்ந்து பாய்ந்தது. கிபியின் மஞ்சள் தொப்பி ஒரு அலை, இரண்டு அலை, தள்ளிப் போனது.

சித்தப்பா போன அதே வழி.

"முடியாது," என்று வாய்விட்டுச் சொன்னாள். சுக்கானை மறுபக்கம் முழுக்கத் தள்ளினாள். ஷால்டர் முனகிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது. காற்றை நேராக முகத்தில் வாங்கி, அதைத் தாண்டி, மேலும் திரும்பி, கிபிக்குப் பக்கத்தில் தள்ளாடி நின்றது.

அப்போது காற்றுச் சத்தம் குறைந்தது.

அலைகள் குறையவில்லை. சத்தம் மட்டும்.

ஈரக் கம்பளியும் பழைய மீனெண்ணெயும் கலந்த வாசனை வந்தது.

அவள் குனிந்து கிபியின் இடுப்பு வாரில் கயிற்றை மாட்டினாள். மறுமுனையைப் பாய்க்கயிறு இழுக்கும் உருளையில் சுற்றி, இரும்புப் பிடியைப் போட்டு முறுக்கினாள். தோள் வந்தது. இடுப்பு வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

எட்டிப் பார்த்தாள்.

கிபியின் வலது பூட்ஸை ஒரு கை பிடித்திருந்தது. மீன் வயிறு மாதிரி வெளுப்பு. நகமில்லை. அதற்குக் கீழே கம்பளித் தொப்பி போட்ட ஒரு தலை. அத்தனை அலையிலும் அது ஆடவில்லை. கண்கள் திறந்திருந்தன.

குரல் அதன் வாயிலிருந்து வரவில்லை. படகின் பலகைகளுக்குள்ளிருந்து வந்தது.

"கூப்பிட்டியே. ஒண்ணு குடு."

"உனக்கு இங்க ஒண்ணும் கிடையாது," என்றாள் ஓஸ்லா. "எங்க வீட்டுல ஏற்கெனவே எடுத்துட்ட."

"அப்போ நீ வா."

"முடிஞ்சா வந்து தூக்கிட்டுப் போ."

உருளையில் கயிற்றைக் கட்டிவிட்டு இரும்புப் பிடியைக் கழற்றினாள். படகோரக் கம்பிக்கு வெளியே தொங்கி, அந்தக் கையை ஓங்கி அடித்தாள். நனைந்த சாக்கை அடித்த மாதிரி இருந்தது. மறுபடி அடித்தாள். பூட்ஸ் நழுவியது. கையும் பூட்ஸும் ஒன்றாகக் கீழே போயின.

அவள் வாரைப் பிடித்து இழுத்த இழுப்பில் கிபி படகுக்குள் வந்து விழுந்து, தண்ணீரைக் கக்கினான். வெறுங்காலைப் பார்த்தான்.

"அக்கா, புது பூட்ஸ்," என்றான்.

அவள் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

காற்றின் சத்தம் திரும்பி வந்தது. கூடவே இன்னொன்று. படகின் அடியிலிருந்து, யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. ஓஸ்லா குதிகாலால் தரையைத் திருப்பி உதைத்தாள். பதில் சொல்லாதே என்று கிபி கெஞ்சினான். காசு கொடுக்காமல் தொற்றிக்கொண்டு வருகிறவனை உதைக்கவும் கூடாதா என்று கேட்டாள். கரை தெரியும்வரை அது தட்டியது. அவளும் விடாமல் உதைத்தாள்.

ஷெட்லாந்தின் லெர்விக் துறையில் லோரி சித்தப்பா நின்றிருந்தார். வீசிய கயிற்றைப் பிடித்தவர் கிபியின் வெறுங்காலைப் பார்த்தார். தண்ணியில விழுந்தானா என்று கேட்டார். பிறகு குரல் தாழ்ந்தது.

"எந்தப் பக்கம் திருப்பின?"

"இடப்பக்கம்."

கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. இரண்டடி பின்வாங்கினார். கடல் தொட்டவனைத் தூக்கினால் தூக்கினவரைத் தேடி வரும் என்றார். ஓஸ்லா குதித்து இறங்கி, கயிற்றைத் தானே கட்டினாள்.

"வரட்டும் சித்தப்பா. அன்னைக்கு நீங்க இப்படித் திருப்பியிருந்தா, இப்போ இந்தக் கயித்தை எங்கப்பா பிடிச்சிருப்பார்."

அவள் தம்பியைத் தோளில் சாய்த்து அழைத்துப் போனாள்.

வீடு குன்றின் உச்சியில், கடலுக்கு முதுகு காட்டி இருந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. சாலை காய்ந்திருந்தது. வாசற்படி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரக் கம்பளி வாசனை.

கிபி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அவனைத் தூக்கி, படியில் கால் படாமல் உள்ளே விட்டாள். துணி எடுத்துவந்து மண்டியிட்டு, கல் வெளுக்கும்வரை துடைத்தாள்.

"நாளைக்கும் வா," என்றாள். "நாளைக்கும் துடைப்பேன்."

மறுநாள் காலை படி காய்ந்திருந்தது.

ஈரம் கதவுக்கு உள்பக்கம் இருந்தது.

ஓஸ்லா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு துணியை எடுத்தாள்.