மணி காத்திருந்த பெயர்

சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று துருவிப் பார்க்கிற வேலை. எரிந்த கடையின் சாம்பலைக் கிளறியே, தானாகப் பிடித்த தீயா, பிடிக்கவைத்த தீயா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் அந்தப் பழைய வீட்டுக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தாள். புதுச் சுண்ணாம்பின் வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை, ஈரத்துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய மாதிரி.

வேறு வழியும் இல்லை. ஏழாவது மாதம். படி ஏறக்கூடாது, படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர் முழுக்க லிஃப்ட் பழுதுபார்க்கிற கணவனோடு அவள் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. அதனால்தான் தரைத்தளத்தில் கிடைத்த இந்த வீடு. ஒத்தாசைக்கு அவனுடைய தங்கை வந்து சேர்ந்தாள். வாய் ஓயாத பெண்.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. அதற்கு அவள் மனசுக்குள் மொட்டு என்று பேர் வைத்திருந்தாள். கணவனிடம்கூடச் சொன்னதில்லை. ஒருமுறையாவது வாய்விட்டுக் கூப்பிட்டதும் இல்லை. இந்தப் பிள்ளைக்குப் பயத்தில் பேரே யோசிக்கவில்லை. இது தங்கவேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

சும்மா படுத்துக்கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கணவன் அவளை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டான். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி இசையமைக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பு. ராகமும் தெரியாது, புரோகிராமும் தெரியாது, அப்படியானால் எனக்காகவே ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அவள் சிரித்தாள். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், அடுத்ததற்கு முன் எவ்வளவு இடைவெளி என்று வரிவரியாகத் தட்டவேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் எழுதியது பாடும். மூன்றாம் பாடத்தில் லூப் வந்தது. திரும்பத் திரும்பச் சுற்றுகிற இசைத்துண்டு. ஒவ்வொரு லூப்புக்கும் ஒரு பேர் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது தன் பேரைச் சொல்லிக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் வந்த பிறகுதான் ஒலிக்கவேண்டும் என்று இன்னொரு லூப்பைக் காத்திருக்க வைக்கலாம்.

ஸ்கேனில் கேட்ட இதயத்துடிப்பைப் போல ஒரு மத்தள லூப் செய்தாள். அதற்குப் பாப்பா என்று பேர் கொடுத்தாள். அதன் குரலுக்குக் காத்திருந்து ஒலிக்க ஒரு மணியும் செய்தாள். மத்தளம் சீராக ஓடியது. மணி மட்டும் இஷ்டத்துக்கு ஒலித்தது. சில சமயம் வரவே வராது, திடீரென்று ஒன்று. கத்துக்குட்டி வேலை அப்படித்தான் இருக்கும் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள்.

வகுப்பு மாஸ்டரிடம் போனில் சொன்னபோது எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். மணியின் வரிக்கு வந்ததும் அதை இன்னொரு முறை பார்த்தாள். பாப்பாவுக்குக் காத்திரு என்று எழுதியதாகத்தான் நினைத்திருந்தாள். அவள் விரல்கள் எழுதியிருந்தது மொட்டு.

மாஸ்டர் சிரித்தார். எல்லோரும் செய்கிற தப்புதான் என்றார். “அந்தப் பேர்ல லூப்பே கிடையாதேம்மா. கூப்பிட ஆளில்லேன்னா அது காலம் பூரா காத்துக்கிட்டே கிடக்கும். தப்புன்னும் காட்டாது. ஆனா சத்தம் மட்டும் வரவே வராது.”

மடியில் இருந்த கம்ப்யூட்டரில் மணி ஒலித்தது.

முதல் சந்தேகம் கணவன் மேல். ஒரே வீட்டு இன்டர்நெட் இணைப்பில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தும் குரல் அனுப்பமுடியும் என்று மாஸ்டரே சொல்லியிருந்தார். அப்படியானால் அந்தப் பேர் அவனுக்கு எப்படித் தெரியும்? தூக்கத்தில் உளறினாளா? அன்று மாலை அவன் ஷூவைக் கழற்றுவதற்குள் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்தாள். பேரை மட்டும் சொல்லவில்லை. கிரீஸ் படிந்த கையோடு அவன் திருதிருவென்று விழித்தான். பொய் சொல்கிறவர்களின் விழி அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

மறுநாள் இணைப்பைப் பிடுங்கிப் போட்டாள். நாத்தனாரைக் கடைக்கு அனுப்பினாள். ஜன்னலைச் சாத்தினாள். வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்திலும் அறைக்குள் அந்த ஈரத்துணி வாடை.

மணி ஒலித்தது.

வயிற்றில் பிள்ளை உதைத்தது.

மறுபடி மணி. மறுபடி உதை. ஒவ்வொரு முறையும் மணி முதலில், உதை பிறகு. யாரோ கூப்பிடுகிறார்கள், இது பதில் சொல்கிறது.

கலைந்துபோனது இதையும் கூப்பிடுகிறது, தன்னிடமே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வரியில் இருந்த மொட்டு என்ற பேரை அழித்துப் பாப்பா என்று எழுதினாள். மணி உடனே மத்தளத்தோடு ஒட்டி, பாடத்தில் வருவதுபோல அழகாக ஒலித்தது. அழித்ததற்காக அவளுக்கு அழுகை வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மணி சீராக ஒலித்துக்கொண்டே இருந்தது.

உதை வரவில்லை.

புரண்டு படுத்தாள். தண்ணீர் குடித்தாள். வயிற்றைத் தட்டினாள். உள்ளே கல் கிடப்பதுபோல் கிடந்தது. கணவனுக்குப் போன் செய்தாள். கார் பிடித்து வருகிறேன், அசையாதே என்றான். அந்தக் காத்திருப்பில், தான் செய்வது சரியா தப்பா என்று யோசிக்காமல், அவள் பாப்பாவை அழித்துப் பழைய பேரை எழுதினாள்.

மத்தளம் தனியாக ஓடியது. வெகுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு மணி. விலாவுக்குக் கீழே லேசாக ஓர் உதை.

கணவன் வந்தபோது கம்ப்யூட்டரை அணைக்க அவள் விடவில்லை. காரில் வழி முழுக்க மணி ஒலித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது என்றார்கள். உடனே ஆபரேஷன். கொஞ்சம் தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டர். பெண் குழந்தை. குறைமாதம், ஆனால் குரல் மட்டும் கட்டடத்துக்கே கேட்டது. கம்ப்யூட்டரை மடியில் வைத்து வெளியே உட்கார்ந்திருந்த கணவன், குழந்தை அழுத கணத்தில் மணி நின்றுவிட்டது என்று பிறகு சொன்னான். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அவள் அந்தப் புரோகிராமை அடியோடு அழித்தாள். தன் வேலை பாஷையில் சொன்னால், கோப்பை மூடிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்த குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாட்கள் இருக்கும். மதியம் அது தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வயிற்றுக்குள் ஓர் உதை. பெற்ற பிறகும் சிலருக்கு அப்படித் தோன்றும், பிரமைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் நம்பினாள், நம்ப ஆசைப்பட்டாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் தையலைப் பார்க்கிறேன் என்று வந்து வயிற்றுமேல் கை வைத்தாள். பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“அண்ணி,” அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. “உள்ள என்னவோ அசையுது.”

நாத்தனார் கையை எடுக்கப் போனாள். அண்ணி அதைப் பிடித்து அங்கேயே அழுத்திக்கொண்டாள். இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்ததை முதல் தடவையாக வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

“மொட்டு.”

தொட்டிலில் இருந்த குழந்தை அசையாமல் தூங்கியது. இருவர் கைக்கும் கீழே, பதில் வந்தது.