இமை எண்ணும் நேரம்

“உனக்கு எது பிடிக்குதோ அதையே வாங்கிக்கோ” என்று கணவன் சொன்னபோதுதான் அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

வேறு வீடாக இருந்தால் மனைவி நெகிழ்ந்து போயிருப்பாள். இந்த வீட்டில் கேமரா என்று வந்துவிட்டால் அவன் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டான். அவன் எடுப்பது மிருகமும் பறவையும். அவள் எடுப்பது மலை, ஏரி, பனிமூட்டம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு விலையுயர்ந்த ஃபுல் ஃபிரேம் கேமரா பாடிதான் வாங்க முடியும் என்பதால் ஒவ்வொரு முறையும் வீடு போர்க்களமாகும். “உன் மலை எங்கேயும் ஓடிடாது, நாளைக்கும் அங்கேதான் நிக்கும். என் நரி நிக்குமா?” என்பான். “நரி மூஞ்சி தெரிஞ்சா போதுமா? அது நிக்கிற புல் தெரிய வேணாமா?” என்பாள் இவள். கடைசியில் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஏதாவது ஒன்றைக் கட்டிக் கொடுத்து அனுப்புவார்.

இப்போது சாப்பாட்டு மேசையில் இரண்டு கேமரா பாடிகள் கிடந்தன. தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கடையிலிருந்து கொடுத்தனுப்பியவை. ஒன்று வேகக்காரன். பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரே மூச்சில் முப்பது படம். இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கண்ணைக்கூடத் தேடிப் பிடித்து, அதன்மேல் சின்னப் பச்சைச் சதுரத்தை ஒட்டவைத்துவிடும். இன்னொன்று பொறுமைசாலி. மெதுவாகத்தான் எடுக்கும். ஆனால் ஒரு மலையை எடுத்துப் பெரிதாக்கினால் உச்சியில் இருக்கும் மரத்தின் இலையை எண்ணலாம். பெயர்கள் அவள் வைத்தவை. வழக்கமாகப் பெயர் வைப்பது அவன் வேலை. தொலைந்துபோன பழைய கேமராவுக்குக் கிழவன் என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

கிழவனும் அவனும் தொலைந்தது ஒரே மழையில். மலைக்குப் பின்னாலுள்ள காட்டில், துணியால் மறைப்புக் கட்டி அதற்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் போன் செத்தது. ராத்திரி முழுக்க அவள் வனக்காவலர்களோடு டார்ச்சை வைத்துக்கொண்டு கத்திக் கத்தித் தேடினாள். விடிந்ததும் அவனாகவே நடந்து ரோட்டுக்கு வந்தான். செருப்பில்லை, கேமரா இல்லை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. “அதிர்ஷ்டக்காரர்மா உங்க வீட்டுக்காரர்” என்றார் மூத்த காவலர்.

அன்று கத்தியதில் கட்டிய அவள் தொண்டை நாலு நாளாகியும் திறக்கவில்லை. தூக்கமும் வரவில்லை. பகலெல்லாம் அவன் தூங்கினான். ராத்திரியில் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். எத்தனை துவைத்தும் படுக்கையில் ஈர இலை வாடையும், அதற்கடியில் நனைந்த இறகு போல ஒரு நெடியும் போகவில்லை. வைத்த சாப்பாடு காலியாகிவிடும். ஆனால் அவன் மென்று அவள் பார்க்கவில்லை. கேட்டால் பதில் வரும். தானாக ஒரு வார்த்தை வராது. டாக்டர், “பயந்திருக்கார், போகப் போகச் சரியாகும்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அவளுக்கு அலுத்துவிட்டது. இப்போது வேண்டியிருந்தது ஒரு சண்டை. பழைய மாதிரி, தட்டுமுட்டுச் சாமான் அதிர, நரிக்கும் மலைக்கும் நடக்கிற ஒரு நல்ல சண்டை. அது நடந்துவிட்டால் அவன் திரும்பி வந்துவிட்டான் என்று நம்பலாம்.

“வாங்க, இமை எண்ணிடலாம்” என்றாள்.

எந்த கேமரா வாங்கினாலும் அவர்கள் வீட்டில் இதுதான் பரீட்சை. ஜன்னலோர நாற்காலியில் ஒருத்தர் உட்கார, மற்றவர் கண்ணைக் குறிவைத்து எடுப்பார். படம் தானாகவே கணினித் திரையில் வந்து விழும். கண் மட்டும் திரை முழுக்கப் பெரிதாகும். இமை மயிரை ஒன்றொன்றாக எண்ண முடிந்தால் கேமரா பாஸ். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள்.

இரண்டு விரலை நீட்டி அவனைக் கூப்பிட்டாள். மறைப்புக்குள் வாய் பேச முடியாது என்பதால் அவர்களுக்குக் கைப்பேச்சு உண்டு. இரண்டு விரல் என்றால் வா. மூடிய முஷ்டி என்றால் அசையாதே. உள்ளங்கையைக் கீழே அழுத்திப் பின்னால் இழுத்தால், அது நம்மைப் பார்த்துவிட்டது, சத்தமில்லாமல் பின்வாங்கு. கல்யாணமான புதிதில் விருந்துகளில்கூடத் தூரத்து அத்தை ஒருத்தி நெருங்கும்போதெல்லாம் அவன் உள்ளங்கையை அழுத்துவான். இவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடுவாள்.

அவன் அவளுடைய இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விரல்களைத் தின்னலாமா கூடாதா என்று யோசிப்பது போல.

“இங்க வந்து உக்காருங்க. முதல்ல நான் உங்களை எடுப்பேன். அப்புறம் என் முறை, நீங்க என்னை எடுக்கணும். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

அன்று காட்டுக்குப் போட்டுப்போன அதே நீலச் சட்டையில் வந்து உட்கார்ந்தான். வெளியே நாள் முழுக்க விடாத தூறல். மதியம் தாண்டியிருந்தாலும் ஜன்னலில் விடியற்காலையின் சாம்பல் வெளிச்சம்தான். வேகக்காரனை டிரைபாடில் மாட்டி அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

“சிமிட்டாதீங்க” என்றாள், கட்டிய தொண்டையில் வழக்கம்போலக் கடைசி எழுத்தை இழுத்து.

கீக். பச்சைச் சதுரம் அவன் இடது கண்ணில் போய் ஒட்டியது. அழுத்தினாள். முப்பது படம் சரசரவென்று ஓடியது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் சிமிட்டவில்லை. திரைப் பக்கம் போனாள், படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதற்குக் காத்திருந்தாள், திரும்பிப் பார்த்தாள். இன்னும் சிமிட்டவில்லை.

“போதும், சிமிட்டிக்கலாம்.”

சிமிட்டினான். சொன்னதற்காக.

இமைகள் ஊசி ஊசியாகத் தெரிந்தன. அலுப்போடு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரே மாதிரிக் கண், ஒரே மாதிரிக் கண். நடுவில் ஒரு படத்தில் மட்டும் கண்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று பாதி மூடியிருந்தது. மேலிருந்து வரவில்லை. மூக்கோரத்திலிருந்து, திரைச்சீலையை இழுப்பது போல, பக்கவாட்டில்.

அடுத்த படத்தில் அது இல்லை.

இப்படி இமைக்கிற கண்களை அவளுக்குத் தெரியும். அவன் எடுத்த படங்களில் நூறு முறை பார்த்திருக்கிறாள். ஒன்றுகூட மனிதக் கண் இல்லை.

வேகமான ஷட்டரில் கோணலாக விழுவதும் உண்டுதான். விசிறி றெக்கை வாழைப்பழம் போல வளைந்து தெரியும். அப்படித்தான் இருக்கும். தூக்கமில்லாத மூளை. கேமராவின் செட்டிங்கைப் பார்த்தாள். எதைத் தேட வேண்டும் என்ற இடத்தில் ‘மிருகம்’ என்று இருந்தது. ‘மனிதர்’ என்று மாற்றிவிட்டு மறுபடி அவன் பக்கம் திருப்பினாள். சதுரம் வரவில்லை. நெற்றியில் இல்லை, கண்ணில் இல்லை. நாற்காலியில் யாருமே இல்லாதது போல கேமரா சும்மா இருந்தது.

கடைக்காரருக்கு போன் போட்டாள்.

“சொல்லுங்கக்கா. மாமா என்ன சொல்றார், நரிக்கட்சிதானே?”

“வாயே திறக்கல.”

“அப்ப இந்த மழை நிக்காது.”

“வேகமா எடுக்கிறதுல ஏதோ கோளாறு. மிருகம்னு வெச்சா அவர் கண்ணைப் பிடிக்குது. மனுஷன்னு வெச்சா ஆளையே கண்டுக்க மாட்டேங்குது.”

மறுமுனையில் சிரிப்பு. “தாடி இருந்தா சில சமயம் குழம்பும்க்கா. என் மச்சானை ஒரு தடவை கரடின்னு எடுத்துக்கிச்சு, அதுல தப்பு கேமரா மேல இல்ல. இன்னொண்ணைப் பாருங்க. மழையில யாரும் வரல, இப்பவே கடையைச் சாத்திட்டு நானே வந்து வேணாங்கிறதை எடுத்துட்டுப் போறேன்.”

போனை வைத்த பிறகுதான் தோன்றியது, அவனுக்குத் தாடி இல்லை. காட்டிலிருந்து வந்ததிலிருந்து அவன் சவரம் செய்துகொள்ளவுமில்லை. முளைக்கவுமில்லை.

வேகக்காரனைக் கழற்றி அப்படியே மேசையில் வைத்தாள். பொறுமைசாலியை மாட்டினாள். திருகு இரண்டு முறை வழுக்கியது. அவன் தலையை மட்டும் திருப்பி அவள் கையைப் பார்த்தான். தோள் அசையவில்லை.

“சிமிட்டாதீங்க.”

ஒரு படம். நிதானமாக இன்னொரு படம். மூன்றாவது.

கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கனமான படங்கள், மெதுவாகத்தான் திறந்தன. முதலாவது வந்தது. இமைகள், கருவிழியின் ரேகைகள், அதன் நடுவே பளபளக்கும் கறுப்பு. அந்தக் கறுப்பில்தான் எடுப்பவரின் உருவம் விழும். எத்தனையோ வருஷமாக அவன் கண்ணுக்குள் தன்னைப் பார்த்திருக்கிறாள்: பின்னால் ஒரு கதவு, மங்கலான மேசை விளக்கு, நடுவில் கேமராவோடு குனிந்த ஒரு குட்டிப் பெண்.

கதவு இல்லை. விளக்கு இல்லை. அவளும் இல்லை.

மரங்கள் இருந்தன.

பெரிதாக்கினாள். பொறுமைசாலி சொன்ன சொல் தவறவில்லை. மரங்கள் இன்னும் தெளிவாயின. பட்டைகளில் மழை வழிந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே, கிழிந்து தொங்கும் மறைப்புத் துணிக்குப் பக்கத்தில், அரிசி அளவில் ஒரு ஆள். இன்னும் பெரிதாக்கினாள். அதே நீலச் சட்டை. கழுத்தில் கிழவன் தொங்கிக்கொண்டிருந்தது. தாடி நாலு நாள் வளர்ந்திருந்தது.

அவன் கையைத் தூக்கியிருந்தான். கையாட்டுகிறான் என்று நினைத்தாள். விரலால் திரையைத் தொட்டாள். “இங்கதான் இருக்கேன்” என்றாள், காற்றாக.

இரண்டாவது படம் திறந்தது. அதே மரங்கள். ஆள் சற்றுக் கிட்டே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பது போல. வாய் திறந்திருந்தது. கை இறங்கியிருந்தது.

மூன்றாவது.

கையாட்டவில்லை அவன். உள்ளங்கை கீழ்நோக்கி இருந்தது. அழுத்தி. பின்னால் இழுத்து.

அது உன்னைப் பார்த்துவிட்டது. சத்தமில்லாமல் பின்வாங்கு.

ஈர இறகு வாடை.

மிகக் கிட்டே.

ஜன்னலோர நாற்காலியின் முனகல் எதுவும் கேட்கவில்லை. மேசையைப் பார்த்தாள். வேகக்காரன் வைத்த இடத்தில் இல்லை. மெதுவாக, உடம்பில் எதையும் அசைக்காமல் தலையை மட்டும் திருப்ப முயன்று, முடியாமல், நாற்காலியோடு திரும்பினாள். ஜன்னலோரம் காலி. மூன்றடி தள்ளி, நீலச் சட்டைக்கு மேலே, முகத்தை முழுக்க மறைத்தபடி கேமரா. அதன் பின்னால் எதுவும் மூச்சு விடவில்லை.

“இப்ப உன் முறை” என்றது.

கதவு மணி அடித்தது. வெளியே குடையை உதறும் சத்தம். “அக்கா, நான்தான். மாமா ஜெயிச்சாரா, நீங்க ஜெயிச்சீங்களா?”

அவள் வாயைத் திறந்தாள்.

“சிமிட்டாதீங்க.”

கேமராவுக்குப் பின்னாலிருந்து, அவள் சொன்ன அதே வார்த்தை. அதே கட்டிய தொண்டை. கடைசி எழுத்தில் அதே இழுப்பு.

கேமரா இன்னும் ‘மனிதர்’ செட்டிங்கில்தான் இருந்தது.

கீக்.

உடனே பச்சைச் சதுரம் அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டது. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை.

“இதையே வெச்சுக்கலாம்” என்றது அது, அவள் குரலில், கதவுப் பக்கம் கேட்கும்படி.

முப்பது படம் சரசரவென்று ஓடியது. பக்கத்துத் திரையில் அவளுடைய கண் வந்து விழுந்தது. பெரிதாக, ஈரமாக, ஒவ்வொரு இமையும் எண்ணும்படி. நடுவில் கறுப்பு. கறுப்பில் அவள் வீட்டு ஜன்னல். ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு, உத்தரம் வரைக்கும் உயர்ந்து, குனிந்து, கேமராவை இரண்டு விரலால் பிடித்திருந்தது அது. அவள் கணவனின் நீலச் சட்டை அதன் மார்பில் ஒரு கைக்குட்டை போலத் தொங்கியது. கேமராவுக்கு மேலே, தட்டு அகலத்துக்கு இரண்டு வட்டக் கண்கள்.

அடுத்த படத்தில், அவை பக்கவாட்டில் மூடின.

அதற்கடுத்த படத்தில் திறந்தபோது இன்னும் கிட்டே இருந்தன.