ஐந்தாவது சுரத்துக்கு முன்

நான்காவது சுரத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஒலித்தொகுப்பு செய்பவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டாள். மெத்தை விளம்பரம், முப்பது விநாடி. பின்னணிக்கு அந்தப் பழைய பியானோ இசை. அதைக் கேட்காத காதே இருக்காது. லிஃப்டில், பல் மருத்துவமனை வரவேற்பறையில், வங்கிக்குப் போன் போட்டுக் காத்திருக்கையில், சீரியலில் மருமகள் கண் கலங்கும்போது, எங்கும் அதுதான். அதை எழுதியவன் நெஞ்சுச் சளியில் திணறித் திணறி, நாற்பதைத் தொடுமுன்பே போய்ச்சேர்ந்தவன். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிறது.

வாசிப்பவரின் மூச்சை மைக் பிடித்துவிடுவது சகஜம்தான். பதிவை அனுப்பிய இசைக்காரருக்குப் போன் செய்தாள்.

"சார், வாசிச்சவர் மூச்சு கேக்குது. வேற டேக் இருக்கா?"

"வாசிச்சவரா? கம்ப்யூட்டர்ல நோட்ஸைத் தட்டிப் பண்ணதுங்க அது. மைக்கே வைக்கல."

அந்த இடத்தை வெட்டி எறிந்தாள். திரையில் ஒலியலை படுத்து நேர்கோடானது. ஓடவிட்டாள். நேர்கோட்டின்மேல் அந்த மூச்சு, முன்பைவிட நீளமாக.

முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். "ஒண்ணுமில்லையேம்மா. காது களைச்சுப்போச்சு, கிளம்பு" என்றார். அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். நான்கு சுரம். நின்றார். தோள் உயர மூச்சை இழுத்தார். பிறகு முணுமுணுப்பைத் தொடர்ந்தபடி போய்விட்டார். இழுத்தது அவருக்கே தெரியவில்லை.

லிஃப்டில் அதே மெட்டு வயலினில் வழிந்துகொண்டிருந்தது. சென்ட்டும் ஈரக்குடையும் கலந்து நாறிய அந்தப் பெட்டிக்குள் ஐந்து பேர் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இடம் வந்ததும் ஐந்து நெஞ்சும் ஒரே சமயத்தில் மெல்ல ஏறியதை அவள் கதவின் எஃகுப் பளபளப்பில் பார்த்தாள். ஈரமான, கரகரத்த இழுப்பு. விடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

இரண்டு வாரம் படிக்கட்டில் ஏறி இறங்கினாள். விளம்பரத்தை வேறு இசையில் செய்து கொடுத்தாள். வாடிக்கையாளர் பழையதையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த விளம்பரம் டிவியில் முதல்முறை வரவிருந்த மாலை, வீடு திரும்பியபோது கணவனும் ஆறு வயது மகளும் சோபாவில் தயாராக இருந்தார்கள்.

"சீக்கிரம் வா! அபார்ட்மெண்ட் குரூப்ல போட்டுட்டேன். அத்தனை வீட்டுலயும் உன் விளம்பரத்தைத்தான் பாக்கப் போறாங்க."

அவள் செருப்போடு உள்ளே ஓடி வந்தாள். "ஏங்க, டிவியை அணைங்க."

"உனக்கு என்ன ஆச்சு?"

"ரிமோட்டைக் குடுங்க!"

மகள் ரிமோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு கெக்கெக்கென்று சிரித்தாள். "தர மாட்டேனே!"

முதல் சுரம்.

அவள் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. இசை நிற்கவில்லை. மேல்வீட்டிலிருந்து இரண்டாவது. கீழ்வீட்டிலிருந்து மூன்றாவது. எதிர்வீட்டுக் கதவிடுக்கு வழியாக நான்காவது.

மூச்சு.

கட்டடமே இழுத்தது. ஜன்னல் திரைச்சீலைகள் உள்ளே புடைத்தன. காது அடைத்துக்கொண்டது. வாயையும் மூக்கையும் இரு கைகளாலும் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தாள்.

இசை முடிந்தது. எங்கோ சோப்பு விளம்பரம் ஓடியது. பேச்சில்லை. இருமலில்லை. நடமாட்டமில்லை.

சோபாவில் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சு உயர்ந்தபடி. உயர்ந்தே.

"கண்ணு, மூச்ச விடும்மா." முதுகில் தட்டினாள். ஓங்கி அறைந்தாள். "விடுடி! ஏங்க, நீங்களாவது..."

மகளின் உதடு நீலம் பாரித்தது. கண் அவளையே பார்த்தது. மடியில் கிடந்த பிஞ்சு விரல்கள் மெல்ல வளைந்து, பாவாடைத் துணியில், பியானோக் கட்டைகள்மேல் போல, ஒன்றொன்றாக இறங்கி எழுந்தன. பக்கத்தில் கணவனின் விரல்கள் சோபாக் கைப்பிடியில். அதே தாளம்.

சுவருக்கு அப்பால். மேலே. கீழே. மேஜைகளில், தட்டுகளில், கண்ணாடியில். நூறு வீட்டு விரல்கள்.

மகளின் கைகளை அவள் இறுகப் பற்றினாள். அந்தப் பிடிக்குள்ளேயே விரல்கள் அடுத்த சுரத்துக்கு நகர்ந்தன.